கூகுள் டிவியா, வெப்ஓஎஸ்ஸா, டைசனா? கொழும்பில டிவி எடுக்கப் போற ஆக்களுக்கு

2025 பெப்ரவரி 2 · கேள்வி, கொட்டாஞ்சேனையில இருந்து

55 இஞ்சி டிவி ஒண்டு எடுக்கப் போறம். காலி வீதியில ஒரு கடையில, கூகுள் டிவியைத் தவிர மற்றதெல்லாம் வீண் எண்டிட்டினம். பக்கத்துக் கடையில, கூகுள் டிவி ஒரு வருசத்தில இழுக்கத் தொடங்கிடும், எல்ஜி இல்லாட்டி சாம்சுங் எடுங்கோ எண்டினம். வீட்டில அம்மா, அப்பா, நானும் மனிசியும், ரெண்டு பிள்ளையள். பியோ டிவி (சிறிலங்கா ரெலிகொம் தாற சனல் சேவை) பெட்டி இருக்கு. அண்ணைமார் ஒரு முடிவு சொல்லுங்கோ.

2025 பெப்ரவரி 2 · இரவு

ரெண்டு கடைக்காரரும் தங்கட கடையில கிடக்கிற சரக்கைத்தான் சொல்லியிருக்கினம். அதில கோவிக்க ஒண்டுமில்லை.

டிவியை ஓட்டுற அடிப்படை மென்பொருளா, அதாவது ஓஎஸ்ஸா, ஆர் எதைப் போடுகினம் எண்டதை முதல் பாப்பம். சோனி, டிசிஎல், ஷவோமி கூடுதலா கூகுள் டிவி. எல்ஜிக்கு வெப்ஓஎஸ். சாம்சுங்குக்கு டைசன். ஹைசென்ஸ் கூடுதலா விடா. யூடியூப், நெட்பிளிக்ஸ், பிரைம் வீடியோ நாலிலயும் ஓடும். உங்கட வீட்டில பாக்கிறது அந்த மூண்டும் பியோ டிவியும்தான் எண்டா, ஓஎஸ்ஸை வைச்சு டிவி தெரிவுசெய்ய வேண்டிய தேவையே இல்லை. திரையைப் பாருங்கோ. உத்தரவாதம் எத்தினை வருசம், பழுதானா ஆள் வீட்ட வருவாரா, நாங்கள்தான் காவிக்கொண்டு போகோணுமா எண்டு கேளுங்கோ.

ஆனா பியோ டிவி இருக்கிற வீட்டில கேக்க வேண்டிய கேள்வி வேற ஒண்டு இருக்கு. அம்மா ரிமோட்டில சிவப்புப் பட்டனை அமத்தினா முதல் என்ன வரும்? செய்தியா, இல்லாட்டி ஆரோ நடிச்ச புதுத்தொடரின்ர விளம்பரமா? அதைப் பிறகு எழுதுறன், இப்ப நித்திரை தூக்குது.

2025 பெப்ரவரி 3

கடையில ஓடுற பவளப்பாறை வீடியோவில எந்த டிவியும் வடிவாத்தான் தெரியும். அதை விடுங்கோ. பிளக்கைக் கழட்டச் சொல்லுங்கோ. ரிமோட்டால ஓஃப் பண்ணினா டிவி அரைத்தூக்கத்திலதான் இருக்கும், டக்கெண்டு எழும்பி உங்களை ஏமாத்திப்போடும். பிளக்கைக் கழட்டி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிப் போட்டு, முகப்புத் திரை வாறதுக்கும், அதுக்குப் பிறகு ரிமோட்டுக்கு ஒழுங்கா மறுமொழி தாறதுக்கும் எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு மணிக்கூட்டைப் பாருங்கோ. இந்த ரெண்டாவது நேரம்தான் முக்கியம். படம் வந்திடும், அம்புக்குறி அசையாது.

பிறகு அமைப்புக்குள்ள போய் சேமிப்பிடத்தைத் திறந்து பாருங்கோ. 8 ஜிபி எண்டு பெட்டியில இருக்கும், ஓஎஸ் தின்ன மிச்சம்தான் உங்களுக்கு. இரண்டாவது கடைக்காரர் சொன்ன "இழுக்கும்" எண்ட கதை இதிலதான் உண்மையாகுது. கூகுள் டிவி ஒரே மென்பொருள்தான். ஆனா அதை 2 ஜிபி ரேமும் மெதுவான சிப்பும் போட்ட டிவியில ஓட்டினா ஒரு மாதிரி, நல்ல சிப்பில ஓட்டினா வேற மாதிரி. விலை குறைஞ்ச கூகுள் டிவியைப் பாத்திட்டு கூகுள் டிவியே சரியில்லை எண்டுறது நியாயமில்லை. வெப்ஓஎஸ்ஸும் டைசனும் கொஞ்சம் மெலிஞ்ச சரக்கு, குறைஞ்ச சிப்பிலயும் சமாளிக்கும்.

கடைப்பெடியன் பிளக்கைக் கழட்ட விடமாட்டான் எண்டா அடுத்த கடைக்குப் போங்கோ. வெள்ளவத்தையில இருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்தாலே கடை வந்துகொண்டே இருக்கும்.

2025 பெப்ரவரி 9 · பின்நேரம்

போன் டேட்டாவில எழுதுறன். நாடு முழுக்கக் கரண்ட் போயிட்டுது. பாணந்துறை உபமின் நிலையத்தில குரங்கு ஒண்டு பாய்ஞ்சதாலயாம், அமைச்சரே சொல்லியிருக்கிறார். பிளக் கழட்டிற சோதனையைக் குரங்கு நாடளாவிய ரீதியில செய்து காட்டிப்போட்டுது.

2025 பெப்ரவரி 11

பகிடி இருக்கட்டும். அண்டைக்குக் கரண்ட் வந்தவுடன நடந்ததைப் பாருங்கோ. ரவுட்டர், பியோ பெட்டி, டிவி மூண்டும் ஒரே நேரத்தில எழும்புது. டிவி முதல் எழும்பி, பெட்டி செருகியிருக்கிற எச்டிஎம்ஐ துளையைப் பாக்குது, பெட்டி இன்னும் எழும்பேல்லை, "சிக்னல் இல்லை" எண்டிட்டு தன்ர முகப்புத் திரைக்குப் போகுது. அம்மாவுக்கு அது வேற ஊர். அவ பியோ ரிமோட்டை அமத்துறா, சனல் பெட்டிக்குள்ள மாறுது, திரையில ஒண்டும் அசையேல்லை. எனக்கு ஒஃபிசுக்குப் போன் வருது.

இதுக்கு எல்லா ஓஎஸ்ஸிலயும் வழி இருக்கு, ஆனா ஒளிச்சு வைச்சிருக்கினம். சாம்சுங்கில ஸ்மார்ட் ஹப் தானாத் தொடங்கிறதை நிப்பாட்டலாம். எல்ஜியில ஓன் பண்ணினவுடன முகப்புத் திரையா, கடைசியாப் பாத்த உள்ளீடா எண்டு தெரிவுசெய்யலாம். கூகுள் டிவியில் சோனி மாதிரி சில கம்பனிகள் அமைப்பில "பவர்" பகுதிக்குள்ள இதே தெரிவை வைச்சிருக்கினம், சிலதில இல்லவே இல்லை. கடையில நிக்கேக்கயே தேடிப் பாருங்கோ. வீட்ட வந்து தேடாதேங்கோ.

கூகுள் டிவியில இன்னொரு வழியும் இருக்கு. முதல் முறை ஓன் பண்ணேக்க "அடிப்படை டிவி" எண்டு ஒரு தெரிவு தரும். கூகுள் கணக்கு, இன்ரநெட் ஒண்டும் இல்லாமல் வெறும் டிவியா ஓடும். அப்பா அம்மாவின்ர அறைக்கு அது காணும். பிறகு ஆசைப்பட்டா முழுசா மாத்தலாம்.

2025 பெப்ரவரி 16

"எந்த ஓஎஸ் பத்து வருசம் உயிரோட இருக்கும்?" எண்டு தெஹிவளையில இருந்து ஒருத்தர் கேட்டிருக்கிறார்.

டிவி ஓஎஸ்ஸுகளின்ர சாதகக் குறிப்பு கொஞ்சம் வேடிக்கை. வெப்ஓஎஸ் 2009ல பாம் கம்பனி போனுக்குச் செய்தது. 2010ல எச்பி வாங்கினது, போனும் ஓடேல்லை, டப்ளட்டும் ஓடேல்லை. 2013ல எல்ஜி வாங்கி 2014ல டிவிக்குள்ள போட்டது. டைசனும் போனுக்கு எண்டு வந்ததுதான், 2015ல இருந்து சாம்சுங் டிவிக்குள்ள இருக்கு. போனுக்கு வந்த பயர்பொக்ஸ் ஓஎஸ்ஸையும் 2015ல பனசோனிக் டிவியில போட்டுப் பாத்தது, அது நிலைக்கேல்லை. போன் சந்தையில தோத்ததெல்லாம் பென்சன் எடுத்த மாமா மாதிரி டிவிக்குள்ள வந்து குந்தி, இப்ப வீட்டில அதிகாரம் பண்ணுது.

பத்து வருசக் கேள்விக்கு வாறன். 2022 மொடலுகள் சிலதில இருந்து அஞ்சு வருசத்துக்குள்ள நாலு தடவை ஓஎஸ்ஸைப் புதுப்பிச்சுத் தாறம் எண்டு எல்ஜி 2024 தொடக்கத்தில சொன்னது. சாம்சுங் அதே வருசம், புது மொடலுகளுக்கு ஏழு வருசம் வரைக்கும் எண்டது. கூகுள் டிவியில இது கூகுளின்ர கையில மட்டும் இல்லை, டிவி செய்த கம்பனியும் மனம் வைக்கோணும். காகிதத்தில கொரியன்கள் முன்னுக்கு நிக்கினம். ஆனா புதுப்பிப்பு வந்தா டிவி வேகமாகும் எண்டு நினைக்காதேங்கோ. சிப் பழசுதானே.

2025 மார்ச் 2

பென்ட்ரைவைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கட ஆக்களின்ர டிவிக்குள்ள அதுதான் பாதி நேரம் செருகிக் கிடக்கு. கலியாண வீடியோ, பூப்புனித நீராட்டு வீடியோ, மருமோன் தந்த படங்கள்.

சித்தப்பா வீட்ட போன கிழமை நடந்தது. புது டிவி, பெரிய கம்பனி, பெயர் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைச் செருகினார். படம் கண்ணாடி மாதிரி ஓடுது, ஆள் வாயை வாயை அசைக்குது, சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கர் பழுது எண்டு சித்தப்பா கடைக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டார். பாத்தா கோப்பில இருந்த ஒலி டிடிஎஸ் எண்ட வகை, அது டிவிக்கு விளங்கேல்லை. சாம்சுங் 2018 மொடலுகளில இருந்து அதை எடுத்துப்போட்டுது, எல்ஜி 2020ல எடுத்துப்போட்டு 2023ல சில மொடலுகளுக்குத் திருப்பிக் குடுத்தது. இதைக் கடையில ஒருத்தரும் சொல்ல மாட்டினம், பெட்டியிலயும் எழுத மாட்டினம்.

கூகுள் டிவி எண்டா விஎல்சி எண்ட வீடியோ ஓட்டுற செயலியை இறக்கிப் போட்டா விசயம் முடிஞ்சுது. அது எல்லாத்தையும் திண்டு சீரணிக்கும். கோடி (Kodi) எண்ட செயலியும் போடலாம். வெப்ஓஎஸ், டைசன் ரெண்டிலயும் விஎல்சி இல்லை. இந்த ஒரு விசயத்துக்காகவே கூகுள் டிவி எடுக்கிற ஆக்கள் இருக்கினம், நானும் அவையைப் பிழை சொல்ல மாட்டன். கடைக்குப் போகேக்க உங்கட பென்ட்ரைவைப் பொக்கற்றில போட்டுக்கொண்டு போங்கோ. பழைய படம் ஒண்டு, புதுசு ஒண்டு, தமிழ் எழுத்து ஓடுற சப்டைட்டில் கோப்பு ஒண்டு. சப்டைட்டில் கட்டம் கட்டமா வந்தா அந்த டிவியை வைச்சிட்டு வாங்கோ.

2025 மார்ச் 3

கூகுள் டிவியும் அண்ட்ரொய்ட் டிவியும் வேற வேறயோ எண்டு கேட்டவருக்கு: இல்லை, ரெண்டும் வேற ஓஎஸ் இல்லை. உள்ளுக்கு அண்ட்ரொய்ட் டிவிதான், 2020ல கூகுள் மேல புதுச்சட்டை போட்டது. அதே செயலிகள்தான் ஓடும்.

2025 மார்ச் 11

"எந்த டிவி எண்டாலும் எடுங்கோ, ஓஎஸ் பழசானா ஒரு ஸ்ரிக் வாங்கிச் செருகினாச் சரி" எண்டு மூண்டு பேர் எழுதியிருக்கினம். ஸ்ரிக் எண்டா எச்டிஎம்ஐ துளையில செருகி, அதுக்குள்ளயே யூடியூப் எல்லாம் ஓடுற சின்னக் கருவி. நானும் அதையே கனகாலமாச் சொல்லிக்கொண்டு திரியிற ஆள். அதுக்குள்ள முந்தாநாள் உலகம் முழுக்க, டிவியில செருகிற கூகுளின்ர ரெண்டாம் தலைமுறை குரோம்காஸ்ற் நிண்டுபோச்சு. 2015ல வந்த சாமான், உள்ளுக்கு இருந்த பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாப் போச்சு. திருத்தம் வருது, அதுவரைக்கும் ஆரம்பநிலைக்கு மாத்தாதேங்கோ எண்டு கூகுள் சொல்லுது. ஸ்ரிக்குக்கும் ஆயுள் இருக்கு.

ஆனா என்னைக் கொஞ்சம் யோசிக்க வைச்சது அது இல்லை. ஸ்ரிக் செருகினா வீட்டில ரிமோட் மூண்டாகுது: டிவிக்கு ஒண்டு, பியோவுக்கு ஒண்டு, ஸ்ரிக்குக்கு ஒண்டு. ஸ்ரிக் ரிமோட்டில டிவியின்ர சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், உள்ளீடும் மாறும் எண்டுவியள். மாறும். எச்டிஎம்ஐ வழியா ஒண்டோட ஒண்டு கதைக்கிற வசதி ஒழுங்கா வேலை செய்தா. நான் பாத்த வீடுகளில பெட்டியை ஓன் பண்ணினா ஸ்ரிக் எழும்பிறதும், ஸ்ரிக்கை ஓஃப் பண்ணினா அப்பா பாத்துக்கொண்டிருந்த கிரிக்கெட் அணைஞ்சுபோறதும் சாதாரணம். இளசுகள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஸ்ரிக் யோசனை நல்லம். வயசுபோன ஆக்கள் தனிய இருக்கிற வீட்டுக்கு, டிவிக்குள்ளயே எல்லாம் ஓடுறதுக்குக் கொஞ்சம் கூடக் காசு குடுக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறன்.

2025 மார்ச் 12

கையை அசைச்சா திரையில அம்பு ஓடுற ரிமோட்டைப் பற்றி: பிள்ளையளுக்குக் கொண்டாட்டம். கை நடுங்கிற ஆளுக்கு அது சீவன் போற வேலை. அம்மாவின்ர கையில ஒருக்கா குடுத்துப் பாத்திட்டு முடிவெடுங்கோ.

2025 ஏப்ரல் 6

புத்தாண்டுக் கழிவு தொடங்கினதில இருந்து கேள்வி குவியுது. கூடுதலாக் கேக்கிறது, "கனடாவில இருந்து மச்சான் டிவி கொண்டு வாறார், எடுக்கலாமோ?"

கனடா, அமெரிக்க டிவியின்ர ட்யூனர், அதாவது அன்ரனா சிக்னலைப் பிடிக்கிற பகுதி, அந்தநாட்டு ஒளிபரப்புக்குச் செய்தது. எங்கட அன்ரனாவில வாறது பால் (PAL) எண்ட முறை அனலொக், அது அதில பிடிபடாது. பியோ பெட்டியோ டிஷ் பெட்டியோ எச்டிஎம்ஐயில குடுத்தா அந்தப் பிரச்சினை இல்லை. பின்பக்க லேபலில 120 வோல்ற் மட்டும் போட்டிருந்தா இஞ்ச 230ல செருகாதேங்கோ, புகை வரும். ஓஎஸ் பக்கம், அங்க மலிவா விக்கிற டிவி கனக்க ரோக்கு எண்ட ஓஎஸ் போட்டது. ரோக்கு இஞ்ச அதிகாரபூர்வமா இல்லை. காவிக்கொண்டு வந்து மண்டையைப் போட்டு உடைக்கிறதுக்கு, கட்டுநாயக்காவில வந்திறங்கேக்க இருக்கிற தீர்வையற்ற கடையில எடுக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி 18 வீத வற் வரியைக் கட்டி இஞ்சயே எடுங்கோ.

"டிஜிட்டல் ட்யூனர் இருக்கு" எண்டு சொல்லி ஆரும் கூடக் காசு கேட்டா சிரிச்சிட்டு விடுங்கோ. டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பான் முறை எண்டு இலங்கை 2014ல தீர்மானிச்சது, இன்னும் காத்தில வாறது அனலொக்தான்.

2025 ஏப்ரல் 21

கொட்டாஞ்சேனைத் தம்பி எடுத்திட்டார். 55 இஞ்சி, வெப்ஓஎஸ். காரணம் கேட்டன். பிளக் கழட்டிற சோதனையில கூகுள் டிவி ஒண்டு வெண்டதாம், ஆனா அதில கடைசி உள்ளீட்டுக்குப் போற தெரிவு இல்லையாம். பிள்ளையள் யூடியூப், அம்மா பியோ. பென்ட்ரைவ் அவையின்ர வீட்டில பாவனையில்லை. சரியான முடிவு. என்ர வீட்டில எண்டா பென்ட்ரைவுக்காக மற்றப் பக்கம் போயிருப்பன்.

2025 ஜூன் 8

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில விக்கிற "அண்ட்ரொய்ட் பெட்டி" பற்றிக் கேட்டவருக்கு.

வேண்டாம். அமெரிக்க எப்பிஐ போன வியாழன் எச்சரிக்கை விட்டிருக்கு, பட்பொக்ஸ் 2.0 எண்ட தீய மென்பொருள் இப்பிடியான மலிவுப் பெட்டிகளுக்குள்ள இருக்கெண்டு. சிலதில பெட்டி உடைக்க முதலே உள்ளுக்கு இருக்காம். உங்கட வீட்டு இன்ரநெட்டை உங்களுக்குத் தெரியாமல் ஆரோ பாவிப்பினம்.

ஆளைக் கண்டுபிடிக்கிறது சுகம். ரிமோட்டில சுண்டெலிப் படம் போட்ட பட்டன் இருக்கும். ஏனெண்டா உள்ளுக்கு இருக்கிறது டிவிக்குச் செய்த நெட்பிளிக்ஸ் இல்லை, போனுக்குச் செய்தது. அதை ரிமோட்டால நகர்த்த ஏலாது, அதால அம்பு விட்டுத் தட்டோணும். சான்றிதழ் இல்லாததால படம் உயர்தரத்திலயும் வராது, 4கே திரையில மங்கல்தான். பிளே ஸ்டோருக்குள்ள போய் "பிளே புரொடெக்ட் சான்றிதழ்" இருக்கா எண்டு பாருங்கோ. பெயர் தெரியாத டிவிகளிலயும் இதே அண்ட்ரொய்டைப் போட்டு "ஸ்மார்ட்" எண்டு விக்கினம். அவையின்ர பெட்டியில வெறுமனே அண்ட்ரொய்ட் எண்டிருக்கும், அண்ட்ரொய்ட் டிவி, கூகுள் டிவி எண்டிருக்காது.

2025 ஜூலை 19

மேல சொன்ன பட்பொக்ஸ் ஆக்கள் மேல கூகுள் வழக்குப் போட்டிருக்கு. ஒரு கோடிக்கு மேல கருவிகளுக்குள்ள புகுந்திருக்காம். "மலிவாத்தானே கிடைக்குது" எண்டு எனக்கு வாதாடினவர் இதையும் வாசிக்கட்டும்.

2025 ஓகஸ்ட் 3

நல்லூர்த் திருவிழா நடக்குது. அம்மா விடிய எழும்பி யூடியூப் நேரலையை டிவியில போட்டிட்டு, விபூதியும் பூசிக்கொண்டு கதிரையில இருக்கிறா. 25 நாளும் இதுதான். டிவியில என்ர கணக்குப் போட்டுக் கிடக்கிறதால என்ர போனில இப்ப காவடி, பஜனை, மூட்டு வலிக்கு எண்ணெய். என்ர கிரிக்கெட் எல்லாம் எங்கயோ ஒதுங்கிப் போச்சு. அம்மாவுக்கு ஒரு புதுக் கணக்குத் திறந்து டிவியில அதைப் போடுங்கோ. கூகுள் டிவியில ஆளாளுக்குத் தனிப் பக்கமும் வைக்கலாம்.

டேட்டா விசயமும் இதோட சேந்தது. ஃபைபர் இல்லாமல் 4ஜி ரவுட்டரில டிவி ஓட்டுற வீடுகள் கனக்க இருக்கு. நெட்பிளிக்ஸ் எச்டியில மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரைக்கும், 4கேயில 7 ஜிபி வரைக்கும் தின்னும் எண்டு அவையே சொல்லுகினம். கணக்கு அமைப்பில டேட்டாப் பாவனையைக் குறைச்சு வைக்கலாம். கூகுள் டிவி முகப்புத் திரையில தானா ஓடுற முன்னோட்ட வீடியோவையும் நிப்பாட்டுங்கோ. "செயலிகள் மட்டும்" எண்ட நிலைக்கு மாத்தினா பரிந்துரை எல்லாம் போயிடும், பழைய டிவியில கொஞ்சம் வேகமும் தெரியும்.

2025 செப்ரெம்பர் 14

மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற ஆக்கள் எந்த ஓஎஸ் எடுத்தாலும் உப்புக்காத்து ஒண்டுதான். ஜன்னலுக்கு நேர டிவியைப் பூட்டாதேங்கோ. எச்டிஎம்ஐ துளை பச்சை பிடிச்சு, கேபிளைக் கழட்டேக்க தூளாக் கொட்டினதைப் பாத்திருக்கிறன்.

2025 டிசம்பர் 4

கொலன்னாவை, கடுவளைப் பக்கம் வெள்ளம் புகுந்த வீடுகளில டிவி நனைஞ்சிருந்தா, காஞ்சமாதிரித் தெரியுது எண்டு ஓன் பண்ணிப் பாக்காதேங்கோ. ஆள் ஒருத்தர் திறந்து பாக்கட்டும். ஓஎஸ் கேள்வியளுக்குப் பிறகு வாறன்.

2025 டிசம்பர் 21

ரெண்டு செய்தி. புதுப்பிப்போட எல்ஜி டிவிகளில கோபைலட் எண்ட ஏஐ சின்னம் வந்து ஒட்டிக்கொண்டு, அழிக்க ஏலாமல் இருந்தது. ஆக்கள் சத்தம்போட, அழிக்க வழி தாறம் எண்டு எல்ஜி சொல்லியிருக்கு. அஞ்சு வருசம் புதுப்பிச்சுத் தருவம் எண்டதுக்குள்ள இதுவும் அடக்கம் போல.

மற்றது, டெக்சாஸ் மாநிலம் சோனி, சாம்சுங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் அஞ்சிலயும் வழக்குப் போட்டிருக்கு, நீங்கள் என்ன பாக்கிறியள் எண்டு அறிய டிவி தன்ர திரையைப் படம்பிடிச்சு அனுப்புது எண்டு. இப்பிடி வேவு பாக்கிறது புதுசில்லை. விசியோ எண்ட கம்பனி 2017லயே இதுக்கு 22 லட்சம் டொலர் கட்டினது. 2024ல ஆராய்ச்சியாளர் சிலர் எல்ஜி, சாம்சுங் டிவிகளைச் சோதிச்சு, எச்டிஎம்ஐயில வேற பெட்டியைக் குடுத்துப் பாத்தாலும் இது நடக்குது, அமைப்பில மறுத்துவிட்டா நிண்டுபோகுது எண்டு கண்டினம். இந்தக் கணக்கில நாலு ஓஎஸ்ஸும் ஒண்டுதான், இதை வைச்சு ஒண்டைத் தெரிவுசெய்ய ஏலாது.

சாம்சுங்கில தனியுரிமைப் பகுதிக்குள்ள "பாக்கும் தகவல் சேவை" எண்டிருக்கும், எல்ஜியில "லைவ் பிளஸ்". ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டினா சனல் வராமல் போகுமோ எண்டு ஒரு அக்கா கேட்டிருக்கிறா. போகாது அக்கா, பியோ, யூடியூப் எல்லாம் அப்பிடியே ஓடும். பெரிய புதுப்பிப்பு வந்தாப் பிறகு ஒருக்கா திருப்பிப் போய்ப் பாருங்கோ, திரும்ப ஓன் ஆகிக் கிடந்தாலும் கிடக்கும்.